மொட்டை மாடியில் தொடங்குங்கள்

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இருக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணியைத் தாண்டுவதில்லை. அந்த அரை மணியும் ஹாலின் அகலம், சமையலறை மேடை, வாசல் பார்த்த திசை, பால்கனியில் வரும் காற்று என்று கதவுக்கு உள்ளேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு புடவை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற குடும்பம், இருபது ஆண்டுத் தவணையில் வாங்கும் பொருளை இவ்வளவு வேகமாகப் பார்த்து முடிப்பது விந்தைதான். ஆனால் குறை நேரத்தில் இல்லை, பார்க்கிற இடத்தில் இருக்கிறது. கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் வாங்கியவர் தன் பணத்தில், தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடியவை. டைல்ஸ் பிடிக்கவில்லையா, பெயர்த்துவிட்டு வேறு போடலாம். கதவுக்கு வெளியே இருக்கும் தூண், மொட்டை மாடி, கழிவுநீர்க் குழாய், நிலத்தடித் தொட்டி, மனை ஆகியவற்றைத் தனியாக யாரும் தொட முடியாது. எட்டுக் குடும்பமோ எண்பது குடும்பமோ சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்து காசு போட்டால்தான் ஒரு செங்கல் நகரும். பழுதானால் பெரிய செலவு வைப்பவையும் இவைதான். ஆகவே வீட்டைப் பார்க்கும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்: முதலில் மொட்டை மாடி, பிறகு வெளிச்சுவர், பிறகு தரைத்தளம், பிறகு காகிதம். விற்பனைக்கு இருக்கும் வீட்டின் கதவை அதற்கப்புறம் தட்டினால் போதும்.

மொட்டை மாடியில் ஏறியதும் முதலில் கீழே பாருங்கள். சென்னையின் பழைய கட்டடங்களில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு படுகை போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். வெயிலின் சூட்டையும் மழைத் தண்ணீரையும் தளத்துக்கு இறங்கவிடாமல் தடுப்பது இந்த அடுக்குதான். ஓடுகளின் இணைப்பில் புல்லோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் அந்த இடத்தில் ஈரம் தங்குகிறது என்று பொருள். தளம் முழுக்க வெள்ளை நிற நீர்க்காப்புப் பூச்சு அடித்து, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் மூன்றாவதாக ஒரு தார்ப்பாய்த் தாள் ஒட்டியிருந்தால், ஒழுகல் நெடுநாளாக இருக்கிறது, யாரும் அதன் மூலத்தைத் தேடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மழைநீர் இறங்கும் துவாரங்கள் மூலைகளில் இருக்கும். அவற்றைச் சுற்றி வண்டல் படிந்து கரை கட்டியிருந்தால், தண்ணீர் ஓடாமல் நின்று வற்றுகிறது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேல்மாடி வீட்டை வாங்குகிறவருக்கு இதெல்லாம் நேரடிக் கவலை. முதல் மாடியை வாங்குகிறவர், ‘அது மேலே இருப்பவர் பாடு’ என்று நினைக்கலாம். தளம் பொதுச்சொத்து, அதைப் பழுதுபார்க்கும் செலவு அவர் பங்குக்கும் வரும்.

அங்கிருந்து இறங்கும்போது லிஃப்ட்டைத் தவிர்த்து மாடிப்படியில் இறங்குங்கள். படிக்கட்டுக் கூடத்துக்கு யாரும் அடிக்கடி வெள்ளையடிப்பதில்லை என்பதால், விற்கிற வீட்டின் புதுப் பெயின்ட் மறைத்துவிடும் உண்மையைப் படிக்கட்டு சொல்லிவிடும். சுவரில் இருக்கும் எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பூச்சின் மேல் சிலந்தி வலைபோலப் பரவியிருக்கும் மெல்லிய கோடுகள் பூச்சு வேகமாகக் காய்ந்ததால் வந்தவை. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேராக ஓடும் விரிசலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டும் வெவ்வேறு பொருள். வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இணைப்பில் கம்பிவலை அடிக்காமல் கொத்தனார் பூசிவிட்டுப் போயிருப்பார். கவனிக்க வேண்டியவை வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி அடுத்த மாடியிலும் அதே திசையில் தொடரும் விரிசல், செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுபோல ஏறும் விரிசல், ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் விரல் நுனிக்குத் தட்டுப்படும் விரிசல் ஆகியவை அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். பீம், தூண், தளம் மூன்றில் எதில் விரிசல் இருந்தாலும், குறிப்பாக அது கம்பி ஓடும் திசையிலேயே ஓடினால், ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவராமல் அடுத்த பேச்சைத் தொடங்கக் கூடாது.

கம்பி ஓடும் திசை என்றதற்குக் காரணம் துரு. கடற்கரை நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இதற்கு இணையானது வேறில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அந்தக் கான்கிரீட்டின் காரத்தன்மையே துருவிலிருந்து காக்கிறது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடல் காற்றிலும் உவர்நீரிலும் இருக்கும் குளோரைடு, காரம் குறையாதபோதும் கம்பியின் பாதுகாப்பை இன்னும் வேகமாக உடைத்துவிடும். துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். முதலில் கம்பியின் வழியே ஒரு கோடு, பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒரு நாள் பால்கனியின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பத்தை கழன்று விழும். அண்ணாந்து பார்த்தால் துருவேறிய கம்பிகள் வரிசையாகத் தெரியும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் பழைய கட்டடங்களின் பால்கனி அடிப்பக்கத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். பைனாகுலர் வேண்டாம், செல்போன் கேமராவைப் பெரிதாக்கினால் போதும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய கான்கிரீட் மறைப்பு, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-ன்படி சாதாரணச் சூழலில் தளத்துக்கே குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர். கடலோரத்தில் இன்னும் கூடுதல். சென்ட்ரிங் போட்டவர் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லியைக் கொட்டியிருந்தால் அந்த மறைப்பு சில மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். நாற்பது ஆண்டில் வர வேண்டிய துரு பதினைந்து ஆண்டில் வரும்.

இது பழைய கட்டடங்களின் நோய், புதிதாக வாங்கினால் தப்பிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2022 பிப்ரவரியில் டெல்லியை ஒட்டிய குருகிராமில், செக்டர் 109-ல் உள்ள ஓர் உயர்ந்த குடியிருப்புக் கோபுரத்தில் ஆறாவது மாடி வீடு ஒன்றின் தளம் விழுந்து, கீழேயிருந்த மாடிகளையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேர் இறந்தார்கள். குடியேறிச் சில ஆண்டுகளே ஆன, விலையுயர்ந்த வளாகம் அது. ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் கான்கிரீட்டில் அளவுக்கு மீறிக் குளோரைடு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கோபுரம் பழுதுபார்க்கும் நிலையில் இல்லை என்றே முடிவானது. கலக்கிய தண்ணீரிலோ மணலிலோ உப்பு இருந்தால் கட்டடம் பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று அதே ஐ.எஸ். 456 சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கட்டுமானம் நடக்கும் இடத்தில் வீடு முன்பதிவு செய்கிறவர், ‘கான்கிரீட் எங்கிருந்து வருகிறது, நீராற்றுவது எந்தத் தண்ணீரில், சோதனை அறிக்கை இருக்கிறதா?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. மாடுலர் கிச்சனின் நிறத்தைப் பற்றிய விவரம் வழுவழுத் தாளில் அச்சாகி வருகிறது. கான்கிரீட்டின் விவரத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பூச்சு உதிர்வதையும் கான்கிரீட் உதிர்வதையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவரைக் கையால் தேய்த்தாலே சிமென்ட் பூச்சு மாவாக உதிர்ந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, சென்னை ஐ.ஐ.டி.யை ஆய்வு செய்யச் சொன்னது அரசு. பூச்சு மோசமாக இருந்தால் கட்டடம் உடனே விழுந்துவிடாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேலையிலேயே சிமென்ட்டைக் குறைத்தவர், கண்ணுக்குத் தெரியாத வேலையில் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி நியாயமானது. சோதனை எளிது. படிக்கட்டுக் கூடத்தில் பூச்சு வெளியே தெரியும் ஏதாவதொரு மூலையில் வீட்டுச் சாவியால் ஒரு கோடு கிழியுங்கள். நல்ல பூச்சில் சாவியின் உலோகத் தடம் மட்டும் விழும். மட்டமான பூச்சில் பள்ளம் விழுந்து மணல் கொட்டும்.

வெளிச்சுவரைச் சுற்றி நடக்கும்போது குழாய்கள் இறங்கும் சந்தை விட்டுவிடாதீர்கள். கட்டடத்தின் அழுக்கான மூலை என்பதால் வாங்குபவரை யாரும் அங்கே கூட்டிப்போவதில்லை. குளியலறைகளின் கழிவுக் குழாய்கள் அங்கேதான் இறங்குகின்றன. இணைப்புகளைச் சுற்றிப் பச்சைப் பாசி, சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பது, வார்ப்பிரும்புக் குழாயில் செதில் செதிலாகத் துரு ஆகியவை இருந்தால் அந்த வரிசையிலுள்ள எல்லா வீடுகளின் குளியலறைச் சுவரிலும் ஓதம் இருக்கும். நம் குளியலறைகளின் கட்டுமானத்திலேயே ஒரு சங்கடம் உண்டு: தளத்தை ஓர் அடி போலத் தாழ்த்தி, குழாய்களை அதில் பதித்து, ஜல்லியோ செங்கல் துண்டோ போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். டைல்ஸ் இணைப்பு வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, மாதக்கணக்கில் ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் கசியும். கசிவு தெரிவது கீழ்வீட்டில், உடைக்க வேண்டியது மேல்வீட்டில். அண்டைவீட்டாருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் இடமும் இதுதான். எனவே நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் குளியலறைக் கூரையை மேல்வீட்டுக்காரருக்காகவும், கீழ்வீட்டின் கூரையை உங்களுக்காகவும் பார்க்க வேண்டும். கீழ்வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்படாதீர்கள். வீட்டைக் காட்டுவார்களோ இல்லையோ, குறையை நிச்சயம் சொல்வார்கள்.

தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம். வாசலில் நின்று சாலையும் வளாகமும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவது சென்னையின் நெடுநாள் பழக்கம். கட்டியபோது சாலையைவிட இரண்டு படி உயரத்தில் இருந்த வீடுகள் இன்று சாலைக்குக் கீழே கிடக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தரைத்தள வீடுகள் மூழ்கின. முதல் மாடிக்கு மேல் வாங்குகிறவருக்கு என்ன கவலை என்றால், மின்மீட்டர் பலகை, மோட்டார், லிஃப்ட் குழி, ஜெனரேட்டர், குடிநீர்த் தொட்டி எல்லாம் கீழேதான் இருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகும் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் நான்காம் மாடியில் வயதானவர்கள் சிறைபட்டிருந்த கதை அந்த இரண்டு டிசம்பரிலும் நடந்தது. மீட்டர் பலகையைப் புதிதாக உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா, மதில் சுவரில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா, சுவரின் அடிப்பாகத்துக்கு மட்டும் இடுப்பளவு புதுப் பெயின்ட் ஏன் என்று பாருங்கள். காவலாளியிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் ‘2015-ல் இங்கே எவ்வளவு தண்ணி?’ என்று கேட்டால் கையைத் தன் உடம்பில் வைத்துக் காட்டிவிடுவார்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை, அடைமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் கோடைக்கு என்று வேறொரு கேள்வி இருக்கிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவழித்தோம் என்பது ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலும் பதிவாகியிருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான தண்ணீர்ச் செலவை ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குக் கேட்டு வாங்குங்கள். ‘தண்ணி பிரச்சினையே இல்லை சார்’ என்ற வாய்மொழியை அந்தக் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, இருந்தால் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். போர்த் தண்ணீரின் உப்பை அளக்க ஒரு சின்ன டி.டி.எஸ். மீட்டர் போதும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 விரும்பத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், வேறு வழியே இல்லாதபோது 2,000 மில்லிகிராமையும் எல்லையாக வைத்திருக்கிறது. குழாயில் இதைவிட மேலே காட்டினால், குடிக்கத் தனியாக வாங்க வேண்டும் என்பதோடு முடியாது. ஷவர், கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் சீக்கிரம் போகும். நிலத்தடித் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை மூடிகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். சில வளாகங்களில் இரண்டு மூடிக்கும் நடுவே நாலு எட்டு வைத்தால் போதும்.

இனிக் காகிதம். காகிதத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று ஒதுக்குகிறோம். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் அவர் பார்ப்பார்தான். ஆனால் அவர் கட்டடத்துக்கு வருவதில்லை. காகிதத்தையும் கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர் வாங்குகிறவர் ஒருவரே. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் தூண்தளமும் மூன்று மாடியும் என்றிருக்க, தெருவிலிருந்து பார்த்தால் நான்காவது மாடியில் துணி காய்கிறது என்றால், அந்த வீட்டை வாங்காதவருக்கும் அதில் சங்கடம் உண்டு. நான்கு மாடிப் பாரத்தைத் தாங்குவது மூன்று மாடிக்குக் கணக்கிட்ட தூண்; மனையின் பங்கிலும் அந்த மாடி கை வைத்திருக்கும். தூண்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் சுவர் எழுப்பி ஓர் அறையோ கடையோ முளைத்திருந்தால் அதுவும் வரைபடத்தில் இருக்காது. கார் நிறுத்தும் இடத்தைத் தனியாக விலைபேசி விற்கிறார்கள் என்றால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: தூண்தள நிறுத்துமிடம் பொதுப்பகுதி, அதைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனைப்பங்கு என்று சொன்னேன். பேச்சுவழக்கில் யு.டி.எஸ். என்கிற இந்தப் பிரிக்கப்படாத பாகம்தான், கட்டடம் தேய்ந்துகொண்டே போகும்போதும் மதிப்புக் கூடிக்கொண்டே போகிற சொத்து. தமிழ்நாட்டில் 2023 டிசம்பருக்கு முன் கட்டுநரிடம் வாங்கிய பல வீடுகளுக்குக் கிரையப் பத்திரம் இந்த மனைப்பங்குக்கு மட்டும்தான். கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். அதற்குப் பிறகே மனையையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதியும் முறை வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால் வீட்டுக்கு 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 400 என்றிருந்தால், மிச்சம் யார் பெயரில் இருக்கிறது? எட்டு வீட்டுப் பங்கையும் கூட்டினால் 3,200 தான் வருகிறது. 1,600 சதுர அடி இன்னும் கட்டுநர் பெயரிலோ பழைய மனைச் சொந்தக்காரர் பெயரிலோ தூங்குகிறது. அந்தப் பகுதியில் மனை சதுர அடி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 200 சதுர அடிக் குறைவின் விலை 30 லட்சம். பளிங்குத் தரைக்கும் பொய்க் கூரைக்கும் சேர்த்து விற்பவர் கேட்கும் கூடுதல் தொகை இதற்குப் பக்கத்தில்கூட வராது. விளம்பரத்தில் வரும் 1,200 சதுர அடியும் இதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டியது. அதில் படிக்கட்டும் லிஃப்ட்டும் வராந்தாவும் கலந்திருக்கும். 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் கார்ப்பெட் ஏரியா என்பது வெளிச்சுவரையும் பால்கனியையும் குழாய்ச் சந்தையும் கழித்து, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்த பரப்பு. டேப் பிடித்து நீங்களே அளந்துகொள்ளலாம். அரை மணி வேலை.

சங்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பதிவு செய்த சங்கமா, கையிருப்பு நிதி எவ்வளவு, எத்தனை வீடு பராமரிப்புத் தொகை பாக்கி, லிஃப்ட் உரிமமும் பராமரிப்பு ஒப்பந்தமும் நடப்பில் இருக்கின்றனவா, கடைசியாகப் பொதுக்குழு கூடியது எப்போது என்ற கேள்விகளுக்குச் செயலாளர் நோட்டைப் பிரித்துப் பதில் சொன்னால் நல்ல கட்டடம். ‘அதெல்லாம் நாங்க பேசித் தீர்த்துக்குவோம்’ என்றால், தீராத எதுவோ இருக்கிறது.

இத்தனையும் ஒரு சாதாரண ஆள் செய்ய வேண்டுமா, அரசாங்க அங்கீகாரம் எதற்கு, வங்கி எதற்கு என்று கேட்கலாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது திருட்டுத்தனமாக எழும்பிய கட்டடம் இல்லை. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அனுமதி பெற்றது. பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. திட்ட அனுமதி என்பது உயரம், இடைவெளி, பரப்பு ஆகியவை விதிக்குள் இருக்கின்றன என்பதற்கான காகிதம். தூணுக்குள் எத்தனை கம்பி போட்டார்கள் என்பதற்கு அது ஜாமீன் இல்லை. வங்கி பார்ப்பது தன் கடனுக்கு ஈடு போதுமா என்று. கடன் வாங்கியவரின் சம்பளம் அதற்கு இரண்டாவது பாதுகாப்பு. அந்தப் பார்வைகூட எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதாகச் சொல்ல முடியாது. கட்டடத்தின் நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒழுங்குமுறைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்மையிலேயே பெரியது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து எழுத்தில் சொன்னால், கட்டுநர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் அந்த உரிமை தொடரும். மூன்று ஆண்டான வீட்டை வாங்குகிறவர் மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டை விலைபேசும்போது கணக்கில் வைக்கலாம். ஆனால் குளோரைடு தன் வேலையைக் காட்ட ஐந்து ஆண்டு போதாமல் போகலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ எட்டு வீட்டுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டங்களுக்குப் பதிவே கட்டாயமில்லை. தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் ஒற்றை மனையை இடித்துக் கட்டும் கட்டடங்களில் பல இந்த வரம்புக்குள் அடங்குபவை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இன்னொன்று. ‘பழைய வீடு வாங்குவதே இடித்துக் கட்டும்போது கிடைக்கும் புது வீட்டுக்காக. துருவும் விரிசலும் எனக்கு எதற்கு? மனைப்பங்கு போதும்.’ பல முதலீட்டாளர்கள் இப்படி யோசித்து நல்ல லாபம் பார்த்திருக்கிறார்கள். 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழியை இலகுவாக்கியும் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. இடித்துக் கட்டுவது கட்டுநருக்குக் கட்டுபடியாக வேண்டும். சாதாரண கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப்போல இரண்டு மடங்கு கட்டலாம் என்பது 2019 விதி. ஏற்கெனவே அந்த அளவை எட்டிவிட்ட, அல்லது அனுமதியை மீறித் தாண்டிவிட்ட கட்டடத்தில் புதிதாக விற்க அவருக்கு என்ன மிஞ்சும்? முன்னால் இருக்கும் சாலை குறுகலாக இருந்தால் உயரமும் கிடைக்காது. எட்டில் ஆறு பேர் சம்மதிப்பதற்குள் பத்து ஆண்டு போகலாம். அந்தப் பத்து ஆண்டும் துருப்பிடித்த பீமுக்கு அடியில் யாராவது குடியிருந்துதான் ஆக வேண்டும். மறுகட்டுமானத்துக்காக வாங்குகிறவர், வீட்டைப் பற்றி அல்லாமல் மனையின் வடிவம், சாலையின் அகலம், மற்ற ஏழு குடும்பங்களின் மனநிலை ஆகியவற்றைப் பற்றி இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டியவர்.

இதெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குள் போகலாம். அங்கே வேலை அதிகமில்லை. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அதன் மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள். அந்தச் சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் விரல் மடக்கித் தட்டினால், பட்டி போட்டு மூடிய ஓதம் பொக்கையாகக் கேட்கும். பொய்க் கூரையில் விளக்கு மாட்டிய வட்டத் துவாரம் ஒன்றைக் கழற்றச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் மேல்தளத்தைப் பாருங்கள். குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். மின்பலகையில் கசிவு தடுக்கும் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். வாஸ்துவில் நம்பிக்கை உள்ளவர்கள் அதையும் இந்த நேரத்தில் பார்க்கலாம், ஆட்சேபமில்லை; ஈசானிய மூலையைப் பார்க்கும்போதே அந்த மூலையில் ஓதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் சரி.

விற்பவர் இத்தனை பார்க்க விடுவாரா? ‘இன்னொரு பார்ட்டி டோக்கன் கொடுக்க ரெடியா இருக்காங்க’ என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். உண்மையாகவும் இருக்கலாம். நல்ல வீடு காத்திருக்காது என்பதும் சரிதான். அதற்கு வழி, முன்பண ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதுவது: இத்தனை நாளுக்குள் வாங்குபவர் தரப்புப் பொறியாளர் மொட்டை மாடி, தூண்தளம் உட்பட எல்லாப் பகுதிகளையும் பார்வையிட விற்பவர் ஏற்பாடு செய்ய வேண்டும், கட்டமைப்பில் பெரிய பழுதோ வரைபடத்துக்கு மாறான கட்டுமானமோ தெரியவந்தால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்பட வேண்டும். பொறியாளரின் கட்டணம் பதிவுச் செலவில் ஒரு சிறு பின்னமாகவே இருக்கும். வீட்டின் மதிப்பு 50 லட்சத்தைத் தாண்டினால் முதல் விற்பனைக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே குறைந்தது ஏழு சதவீதம். பழுது தெரிந்தாலும் வாங்கலாம். பழுதின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்க வேண்டும். தளத்தைத் திரும்பப் போட ஆகும் செலவை வீட்டு எண்ணிக்கையால் வகுத்து, உங்கள் பங்கைப் பேரத்தில் வையுங்கள். ‘அது பொதுச் செலவு, எனக்குச் சம்பந்தமில்லை’ என்று விற்பவர் சொன்னால், பத்திரத்தில் அவர் உங்களுக்கு எழுதித் தரப்போகும் பிரிக்கப்படாத பாகத்தை எடுத்துக் காட்டுங்கள்.